ஆஸ்டன் பேரட்டின் பேஸைக் கேட்டுப் பழகுவது எப்படி

ஜமைக்காவின் ரெகே இசைப் பாடகர் பாப் மார்லியின் குரலைக் கேட்காதவர் குறைவு. அந்தக் குரலுக்குக் கீழே ஓடும் பேஸ் கிட்டாரைத் தனியாகப் பிரித்துக் கேட்டவரும் குறைவு. அந்த பேஸை வாசித்தவர் ஆஸ்டன் பேரட். 1946 நவம்பர் 22 அன்று ஜமைக்காவின் கிங்ஸ்டன் நகரில் பிறந்த அவர், 2024 பிப்ரவரி 3 அன்று அமெரிக்காவின் மயாமியில் தமது 77ஆம் வயதில் காலமானார். இசைக்குழுவையே ஒரு குடும்பமாகக் கட்டிக் காத்ததால் ‘ஃபேமிலி மேன்’ என்ற பட்டப்பெயர் தமக்கு அமைந்ததாக அவர் சொல்வதுண்டு. பிற்காலத்தில் அவருக்கு நாற்பதுக்கும் மேற்பட்ட பிள்ளைகள் என்று செய்திகள் வந்தபோது, அந்தப் பெயருக்கு வேறொரு பொருளும் சேர்ந்துகொண்டது.

அவரது வாழ்க்கையை வாசித்துத் தெரிந்துகொள்வதைவிட, ஆல்பங்களை வரிசையாகக் கேட்டுத் தெரிந்துகொள்வதே நல்லது என்பது என் எண்ணம். பேஸ் வாசிக்கும்போது, தாம் கீழ்க்குரலில் பாடுவதாகவே அவர் தம்மை நினைத்துக்கொண்டார். எனவே அவரைக் கேட்பவர் செய்ய வேண்டிய முதல் வேலை, மார்லி பாடுவதை ஒதுக்கி வைத்துவிட்டு, கீழே ‘பாடிக்கொண்டிருப்பவரை’ வாயால் முணுமுணுத்துப் பார்ப்பதுதான். முணுமுணுக்க வரவில்லையென்றால் இன்னும் காதில் விழவில்லை என்று பொருள். இந்தக் கட்டுரை முழுவதும் அந்த ஒரு சோதனையையே திரும்பத் திரும்பச் செய்யப் போகிறோம்.

முதலில் ஒலிபெருக்கி

பேஸ் கிட்டாரின் நான்கு தந்திகளில் மிகத் தடித்ததைத் திறந்த நிலையில் மீட்டினால் வரும் ஒலியின் அதிர்வெண் சுமார் 41 ஹெர்ட்ஸ். அதற்கு அடுத்த தந்திக்கு 55 ஹெர்ட்ஸ். கைப்பேசியில் உள்ள சிறிய ஒலிபெருக்கியால் இந்த அளவுக்கு இறங்க முடியாது. மேலே உள்ள இணை அதிர்வுகளை மட்டும் அது ஒலிக்கும். அடிச்சுருதியை நம் மூளை தானாக ஊகித்து நிரப்பிக்கொள்ளும். ஆகவே மெட்டு ஓரளவு புரியும், ஆனால் அதன் எடையும், ஒரு ஸ்வரம் எங்கே தொடங்கி எங்கே அறுபடுகிறது என்பதும் தெரியவே தெரியாது. நானும் பல ஆண்டுகள் இப்படித்தான் கேட்டு வந்தேன். ஒலிப்பெட்டிகளைப் பழுது பார்க்கும் நண்பர் ஒருவர், சரிசெய்து முடித்த பதினைந்து அங்குல வூஃபர் (தாழ்ந்த ஒலிகளுக்கான ஒலிபெருக்கி) ஒன்றைச் சோதிக்க என்னிடமிருந்து ஒரு பாட்டைக் கேட்டு வாங்கிப் போட்டார். பட்டறை மேசையில் இருந்த திருகாணிகள் அதிர்ந்து நகர்ந்தபோதுதான், நான் மனப்பாடமாகத் தெரியும் என்று நினைத்திருந்த அந்தப் பாட்டில் பாதியை நான் கேட்டதே இல்லை என்று புரிந்தது.

பெரிய வூஃபர் எல்லோருக்கும் வாய்க்காது. காதை முழுவதுமாக மூடும் ஹெட்போன் ஒன்று போதும். அதில் ‘பேஸ் பூஸ்ட்’ என்று ஏதாவது இயங்கிக்கொண்டிருந்தால் அணைத்துவிடுங்கள். அது பேஸைத் தெளிவாக்குவதில்லை, எல்லா ஸ்வரங்களையும் ஒரே ‘தும்’ ஆக்கிவிடும். ஒலியின் அளவைச் சற்றே கூட்டி வையுங்கள். மெல்லிய ஒலியில் நம் காது தாழ்ந்த சுருதிகளைத்தான் முதலில் கைவிடுகிறது.

பிறகு தாளம்

ரெகேயைக் கேட்கும் புதியவர் தடுமாறுவது முதல் தட்டில்தான். ராக் இசையில் டிரம்ஸின் கனமான அடி முதல் தட்டில் விழும். ரெகேயின் ‘ஒன் டிராப்’ நடையில் அந்த இடம் காலியாக விடப்படுகிறது. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று எண்ணுங்கள்: இரண்டிலும் நான்கிலும் கிட்டார் ‘சக்’ என்று வெட்டும், மூன்றில் மட்டும் டிரம்ஸின் பெரிய அடி விழும், ஒன்றில் பெரும்பாலும் ஒன்றும் இருக்காது. தாளம் ஓரிடத்தில் தொடங்க, பாட்டு அதைத் தாண்டித் தொடங்கும் அனாகத எடுப்பைக் கையில் தாளம் போட்டுக் கேட்டுப் பழகிய காதுகளுக்கு இது அவ்வளவு அந்நியமாக இராது. ஆனால் அங்கே அது ஒரு தொடக்கம் மட்டுமே. இங்கே அந்த வெற்றிடம் ஒவ்வொரு சுற்றிலும் திரும்பி வருகிறது.

இந்த நடையைச் செம்மைப்படுத்தியவர்களுள் முதன்மையானவர் ஆஸ்டனின் தம்பி கார்ல்டன் பேரட். 1950 டிசம்பர் 17 அன்று பிறந்த அவர் டிரம்ஸ் வாசித்தார். அண்ணனைத் தனியாகவும் தம்பியைத் தனியாகவும் கேட்பதில் பயன் இல்லை. தம்பி காலியாக விட்ட இடத்துக்குள் அண்ணன் எப்போது நுழைகிறார், எப்போது அவரும் விட்டுவிடுகிறார் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. ஆகவே ஆல்பங்களுக்குள் போவதற்கு முன்பு, ஏதேனும் ஒரு பாட்டைப் போட்டு, பத்து நிமிடம் மூன்றாம் தட்டில் மட்டும் கை தட்டிப் பழகுங்கள். கை தானாக ஒன்றுக்கு ஓடும். ஓடவிடாமல் பிடித்து நிறுத்துவதுதான் பயிற்சி.

வாழ்க்கை தொடங்கும் இடம்

1960களின் தொடக்கத்தில் ஜமைக்காவில் ரெகேக்கு முன்னோடியான ஸ்கா இசை கோலோச்சியது. ஸ்கட்டலைட்ஸ் குழுவின் லாயிட் பிரெவெட், ஆள் உயரத்துக்கு நிற்கும் மரப் பேஸில், தட்டுக்கு ஒரு ஸ்வரமாக நடந்துகொண்டே இருப்பார். 1966 வாக்கில் வேகம் குறைந்து ராக்ஸ்டெடி வந்தது. வேகம் குறைந்ததும் ஸ்வரங்களுக்கு நடுவே இடைவெளி கிடைத்தது. மின்சாரப் பேஸும் வந்து சேர்ந்தது. பேஸ் நடப்பதை விட்டுவிட்டுப் பேசத் தொடங்கியது. தெருவில் பெரிய பெரிய ஒலிப்பெட்டிகளை அடுக்கி நடனம் நடத்தும் ‘சவுண்ட் சிஸ்டம்’ வழக்கமும் இதற்குத் துணை நின்றது. அங்கே வந்தவர்கள் பாட்டைக் காதால் கேட்டதோடு நிற்கவில்லை, மார்பிலும் வாங்கிக்கொண்டார்கள். ஆஸ்டன் வளர்ந்தது இந்தக் காற்றில்தான்.

வாத்தியம் வாங்க வசதி இல்லாததால், ஒட்டுப்பலகையை உடலாகவும் ஒரு மரச் சட்டத்தைக் கழுத்தாகவும் வைத்து, திரைச்சீலை மாட்டும் கம்பியைத் தந்தியாக்கித் தமது முதல் பேஸை அவரே செய்துகொண்டார். வெல்டிங் வேலை பார்த்தவர்; கையால் ஒன்றை உருவாக்குவது அவருக்குப் புதிதல்ல. தம்பியோடு சேர்ந்து ‘ஹிப்பி பாய்ஸ்’ என்ற குழுவில் வாசித்தார். அந்தக் குழுவே பின்னர் தயாரிப்பாளர் லீ ‘ஸ்க்ராட்ச்’ பெரியின் ‘அப்செட்டர்ஸ்’ ஆனது. 1970இல் வந்த ‘சோல் ரெபல்ஸ்’ ஆல்பத்திலும் அடுத்த ஆண்டின் ‘சோல் ரெவல்யூஷன்’ ஆல்பத்திலும் மார்லி, பீட்டர் டாஷ், பன்னி லிவிங்ஸ்டன் ஆகிய வெய்லர்ஸ் குழுவின் மூவரும் பாட, பின்னால் வாசித்தவர்கள் பேரட் சகோதரர்கள்தாம். உங்கள் பட்டியலில் முதலில் வைக்க வேண்டியவை இவையே. ஒலிப்பதிவு கரடுமுரடாக இருக்கும். பித்தளைக் குழல்களும் இல்லை, அலங்காரமும் இல்லை. பேஸைக் கண்டுபிடிக்க அதைவிட வசதியான இடம் கிடையாது. பிறகு அந்தச் சகோதரர்களை வெய்லர்ஸ் தங்களோடு அழைத்துச் சென்றுவிட்டதால் பெரிக்கும் அவர்களுக்கும் இடையே மனக்கசப்பு உண்டானது. தமது குழுவின் முதுகெலும்பையே பறிகொடுத்தவருக்குக் கோபம் வராமல் இருந்தால்தான் வியப்பு.

எதை, எந்த வரிசையில் கேட்பது

அடுத்து 1973இல் ஐலண்ட் நிறுவனம் வெளியிட்ட ‘கேட்ச் எ ஃபயர்’. இங்கே ஓர் எச்சரிக்கை: அதன் முதல் பாடலான ‘கான்க்ரீட் ஜங்கிள்’ பாடலின் பேஸ் ஆஸ்டனுடையது அல்ல, அவரிடம் கற்ற ராபி ஷேக்ஸ்பியருடையது. 1953இல் பிறந்த ராபி, இளம் வயதில் ஆஸ்டன் வாசிப்பதைக் கேட்டுவிட்டுத் தமக்கும் சொல்லித்தருமாறு கேட்டவர். பிற்காலத்தில் டிரம்ஸ் கலைஞர் ஸ்லை டன்பாருடன் இணைந்து உலகப் புகழ் பெற்று, 2021இல் மறைந்தார். ஆசிரியரையும் மாணவரையும் ஒரே ஆல்பத்தில் அடுத்தடுத்துக் கேட்கும் வாய்ப்பு என்பதால், இதை நான் குறையாகச் சொல்லவில்லை. கிங்ஸ்டனில் பதிவான இந்த ஆல்பத்துக்கு லண்டனில் அமெரிக்க கிட்டார் கலைஞர் வெய்ன் பெர்கின்ஸ் முதலானோரின் வாசிப்புகள் பின்னர் சேர்க்கப்பட்டன. அவை சேர்க்கப்படாத ஜமைக்காப் பதிவு 2001இல் வெளியான விரிவான பதிப்பில் இருக்கிறது. இரண்டையும் ஒன்றன்பின் ஒன்றாகக் கேளுங்கள். மேலே பூசியதை எடுத்துவிட்டாலும் கட்டடம் அசையாமல் நிற்பது, கீழே இருவர் தாங்கிக்கொண்டிருப்பதால்தான்.

இப்போது நேரம் ஒதுக்கி உட்கார வேண்டிய பாட்டு ‘நோ உமன், நோ க்ரை’. ஸ்டுடியோவில் பதிவாகி 1974இல் வந்த வடிவம் வேண்டாம். 1975 ஜூலையில் லண்டன் லைசியம் அரங்கில் பதிவாகி ‘லைவ்!’ ஆல்பத்தில் வந்த வடிவத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் அடித்தளத்தை நம் ஸ்வரங்களிலேயே எழுதிவிடலாம்: முதல் பாதியில் ஸ, நி, த, ம, அடுத்த பாதியில் ஸ, ம, ஸ, ப. அவ்வளவுதான். சங்கராபரணத்தின் ஸ்வரங்களை மனத்தில் வைத்துப் பாடிப் பாருங்கள். ஸ, நி, த என்று படிப்படியாக இறங்கி ‘ம’வில் போய் அமரும்போது, மார்லி ஒரு சொல்லும் பாடாமலேயே அந்தப் பாட்டின் துயரம் வந்துவிடும். முதல் முறை கேட்கும்போது எந்த ஸ்வரம் என்பதை மட்டும் பாருங்கள். இரண்டாம் முறை ஒவ்வொரு ஸ்வரமும் எவ்வளவு நேரம் நிற்கிறது என்று பாருங்கள். மூன்றாம் முறை, ஒரு ஸ்வரம் முடிந்து அடுத்தது தொடங்குவதற்குள் உள்ள மௌனத்தைக் கேளுங்கள். பேஸ் பழகுபவர்கள் முதலிரண்டோடு நிறுத்திவிடுகிறார்கள். ஆஸ்டனின் கையெழுத்து மூன்றாவதில் இருக்கிறது. பின்னாலிருந்து ஒருவர் இழுத்துப் பிடிப்பதைப் போல, விழுந்துவிடுமோ என்ற அளவுக்குத் தாமதித்து, ஆனால் ஒருபோதும் தாளம் பிசகாமல் அந்த ஸ்வரங்கள் வந்து சேரும்.

1976 டிசம்பர் 3 அன்று கிங்ஸ்டனில் மார்லியின் வீட்டில் துப்பாக்கிச் சூடு நடந்தது. அதன் பிறகு குழு லண்டனுக்குப் பெயர்ந்தது. அங்கே உருவாகி 1977இல் வெளிவந்தது ‘எக்ஸோடஸ்’. முதல் பாடலான ‘நேச்சுரல் மிஸ்டிக்’ மௌனத்திலிருந்து மெல்ல மெல்லப் பெருகி வரும். பேஸ் எந்த நொடியில் உங்கள் காதுக்கு எட்டுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். கைப்பேசியிலும் ஹெட்போனிலும் அந்த நொடி வேறுபடும், உங்கள் ஒலிபெருக்கியைச் சோதிக்க அதுவே போதும். தலைப்புப் பாடலான ‘எக்ஸோடஸ்’ ஏழு நிமிடங்களுக்கும் மேல் ஒரே ஒரு கார்டில், அதாவது சேர்ந்தொலிக்கும் ஒரே ஸ்வரக் கூட்டில், நிற்கிறது. இதில் ஒன் டிராப் இல்லை. டிரம்ஸின் அடி நான்கு தட்டிலும் சீராக விழும் ‘ஸ்டெப்பர்ஸ்’ நடை. கார்டு மாறாதபோது பேஸ் கலைஞருக்கு ஒளிந்துகொள்ள இடம் இல்லை. சலிப்பு வந்து ஏதாவது ‘சங்கதி’ போட்டுவிடத் தோன்றும். ஆஸ்டன் போடமாட்டார். ஒரே சொற்றொடரை மந்திரம் போலத் திருப்பிச் சொல்லிக்கொண்டிருப்பார். நானோ நான்காம் நிமிடத்தில் பலமுறை கவனம் சிதறியிருக்கிறேன். ஆகவே ஒரே அமர்வில் முழுப் பாட்டையும் கவனித்துவிட வேண்டும் என்று உங்களைக் கட்டாயப்படுத்த மாட்டேன்.

அடுத்து வந்த ‘கயா’, ‘சர்வைவல்’ ஆல்பங்களை ஓய்வாகக் கேட்கலாம். 1980இன் ‘அப்ரைசிங்’ ஆல்பத்தில் இரண்டு பாடல்கள் மட்டும் இங்கே நமக்குத் தேவை. ‘குட் யூ பி லவ்ட்’ பாடலில் அக்காலத்து டிஸ்கோவின் சாயல் படிந்திருக்கும்; வேகம் கூடினாலும் இடைவெளியை விட்டுக்கொடுக்காமல் பேஸ் எப்படிச் சமாளிக்கிறது என்று பாருங்கள். ஆல்பத்தின் கடைசிப் பாடலான ‘ரிடெம்ப்ஷன் சாங்’கில் மார்லியின் குரலும் கிட்டாரும் மட்டுமே, பேஸ் இல்லை. அதற்கு முன்னுள்ள ஒன்பது பாடல்களையும் கேட்டுவிட்டு அங்கே வந்தால், காலுக்குக் கீழே தரை நழுவிய உணர்வு வரும். அப்படி வந்தால் உங்கள் காது பழகிவிட்டது என்று கொள்ளலாம்.

மார்லியை விட்டு வெளியேயும் ஒரு சுற்று போய்வர வேண்டும். 1975இல் வந்த பர்னிங் ஸ்பியரின் ‘மார்கஸ் கார்வி’யிலும், 1976இல் வந்த அகஸ்டஸ் பாப்லோவின் ‘கிங் டப்பிஸ் மீட்ஸ் ராக்கர்ஸ் அப்டவுன்’ ஆல்பத்திலும் ஆஸ்டன், ராபி இருவருமே பேஸ் வாசித்திருக்கிறார்கள். இரண்டாவது ஒரு ‘டப்’ ஆல்பம்: கிங் டப்பி என்ற ஒலிப்பொறியாளர் குரலையும் கிட்டாரையும் நினைத்த இடத்தில் அறுத்தெறிந்துவிட்டு, பேஸையும் டிரம்ஸையும் எதிரொலிக்குள் தனியே மிதக்கவிட்டிருப்பார். பேஸைப் பிரித்துக் கேட்கும் வேலையை அவரே நமக்காகச் செய்து வைத்திருக்கிறார் என்று சொல்லலாம்.

பெயர் இல்லாத உழைப்பு

மார்லி 1981 மே 11 அன்று இறந்தார். 1987 ஏப்ரல் 17 அன்று கார்ல்டன் கிங்ஸ்டனில் தமது வீட்டு வாசலில் சுட்டுக் கொல்லப்பட்டார். அதற்குப் பிறகும் ஆஸ்டன் பல ஆண்டுகள் வெய்லர்ஸ் என்ற பெயரைத் தாங்கி உலகெங்கும் மேடையேறினார். இந்தப் பகுதியை நான் வேகமாகக் கடப்பதற்குக் காரணம், கேட்டுக் கற்க வேண்டியவற்றில் பெரும்பாலானவை 1970க்கும் 1980க்கும் இடையிலேயே முடிந்துவிட்டன என்பதுதான்.

ஆனால் ஒன்றை விட்டுவிட முடியாது. ஆல்பத்தின் பின்னட்டையைப் படிக்கும்போது, ‘நோ உமன், நோ க்ரை’ பாடலை எழுதியவராக மார்லியின் நண்பர் வின்சென்ட் ஃபோர்டின் பெயரையும், ‘வார்’ பாடலுக்கு ஆலன் கோலுடன் கார்ல்டனின் பெயரையும் காண்பீர்கள். ஒரு பாட்டை அடையாளம் காட்டும் பேஸ் மெட்டை அமைத்தவருக்கென்று அங்கே தனியாக ஓர் இடம் கிடையாது. உரிமைத்தொகையும் சில பாடல்களின் ஆக்கத்தில் தமக்கிருந்த பங்கும் கேட்டு, ஐலண்ட் நிறுவனத்தை வைத்திருந்த யூனிவர்சல் குழுமத்தின் மீதும் மார்லியின் குடும்பத்தார் மீதும் ஆஸ்டன் தொடுத்த வழக்கை, 2006இல் லண்டன் உயர் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. அவர் கோரியது சுமார் 6 கோடி பவுண்டு. 1994இலேயே ஓர் உடன்படிக்கையில் அவர் கையெழுத்திட்டிருந்தது அவருக்கு எதிராக நின்றது. சட்டத்தின் கணக்கு ஒருபுறம் இருக்கட்டும். பாட்டைக் கேட்டு, எந்தப் பகுதி முதலில் உங்கள் வாயில் ஒட்டிக்கொள்கிறது என்று நீங்களே தீர்மானித்துக்கொள்ளுங்கள். 2021இல் ஜமைக்க அரசு அவருக்கு ‘ஆர்டர் ஆஃப் டிஸ்டிங்ஷன்’ விருது அளித்தது. அவர் மறைந்த சில நாட்களில் வெளியான ‘பாப் மார்லி: ஒன் லவ்’ திரைப்படத்தில், ஆஸ்டன் பேரட்டாக நடித்திருப்பவர் அவருடைய மகன் ஆஸ்டன் பேரட் ஜூனியர்.

கைக்குக் கொண்டுவருவது

கேட்டவற்றை வாசித்துப் பார்க்க விரும்புவோருக்கு: ஆஸ்டன் பெரிதும் வாசித்தது ஃபெண்டர் ஜாஸ் பேஸ். அதே வாத்தியம் வேண்டும் என்பதில்லை. தந்திதான் முக்கியம். மேல்பரப்பு வழவழப்பான ‘ஃபிளாட்வூண்ட்’ தந்திகளை மாட்டுங்கள். சொரசொரப்பான தந்திகளில் வரும் கிரீச்சொலியும் உலோகப் பளபளப்பும் இதற்கு ஆகாது. டோன் குமிழை ஏறக்குறைய முழுவதும் குறைத்துவிடுங்கள். தந்தியை, உடல்பகுதியில் தந்திகளைத் தாங்கும் அடிப்பாலத்தின் பக்கம் மீட்டாமல், கழுத்து தொடங்கும் இடத்தை ஒட்டி விரலின் சதைப்பகுதியால் மீட்டுங்கள். ஒலி இன்னும் நீண்டுகொண்டே போனால், அடிப்பாலத்துக்கு அருகே தந்திகளுக்குக் கீழே ஒரு சிறு பஞ்சுத் துண்டைச் செருகலாம்.

இடக்கைக்குத்தான் அதிக வேலை. ஸ்வரத்தை அழுத்துவதைப் போலவே, அதை விடுவதையும் தாளத்தோடு செய்ய வேண்டும். அழுத்தத்தைத் தளர்த்தி, ஆனால் விரலைத் தந்தியிலிருந்து எடுக்காமல் வைத்திருந்தால், ஒலி சட்டென்று அறுபடும். பேஸ் இல்லாதவர்கள் சாதாரண கிட்டாரின் தடித்த நான்கு தந்திகளிலேயே பழகலாம். ஒரு ஸ்தாயி மேலே ஒலிக்கும், விரலுக்கான பாடம் ஒன்றுதான்.

தாளத் தட்டுகளை ஒலிக்கும் மெட்ரோனோம் செயலியை நிமிடத்துக்கு 80 தட்டுகளில் வைத்து, மூன்றாம் தட்டைத் தவிர மற்றவற்றின் ஒலியை அணைத்துவிடுங்கள். அந்த ஒற்றை ஒலியை கார்ல்டனின் அடியாக எண்ணிக்கொண்டு, ஸ, நி, த, ம என்ற இறக்கத்தை முதலில் வாயால் பாடுங்கள், பிறகு பாடிக்கொண்டே வாசியுங்கள், அதன் பிறகே வாயை மூடுங்கள். ஐந்து நிமிடம் நிறுத்தாமல் வாசித்து, அதைக் கைப்பேசியில் பதிவு செய்து, மறுநாள் காலையில் ஹெட்போனில் கேளுங்கள். தட்டைவிட ஒரு மயிரிழை முந்திக்கொண்டு உங்கள் ஸ்வரம் விழுகிறதென்றால், வேகத்தை 70க்குக் குறைத்து மறுபடியும் பாடுவதிலிருந்து தொடங்குங்கள்.